எடை தூக்கினால் மூளை கூர்மையாகுமா? ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுவது ஏன்

எடைப் பயிற்சி செய்தால் ஞாபக மறதி தள்ளிப்போகும் என்று ஒரு செய்தி வருகிறது. கொஞ்ச நாளில், உடற்பயிற்சியால் மூளைக்கு ஒரு பலனும் தெரியவில்லை என்று இன்னொரு செய்தி. இரண்டுமே பெயர்பெற்ற மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுகளை வைத்து எழுதப்பட்டவைதான். படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

உண்மையில் இந்த ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. யாரைச் சோதித்தார்கள், அவர்களை என்ன செய்ய வைத்தார்கள், கடைசியில் எதை அளந்தார்கள் என்ற மூன்றும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. அதைப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இதுதான்: எடைப் பயிற்சி சிந்தனைக்கு உதவுகிறது, ஆனால் குறுகலான ஓர் எல்லைக்குள். வயதானவர்களில், அதிலும் மூளை லேசாகத் தளரத் தொடங்கியவர்களில், மாதக்கணக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போகும்போது, குறிப்பிட்ட சில திறன்களில் பலன் தெரிகிறது. அந்த எல்லையைத் தாண்டிச் சொல்லப்படும் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் மெலிந்தது.

எடைப் பயிற்சி என்று எதைச் சொல்கிறோம்?

தசை ஓர் எதிர்ப்பை மீறி வேலை செய்ய வேண்டும். அந்த எதிர்ப்பு நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது எடைப் பயிற்சி. எதிர்ப்பைத் தருவது டம்பெல்லாக இருக்கலாம், ஜிம் மெஷினாக இருக்கலாம், ரப்பர் பட்டையாக இருக்கலாம், சொந்த உடம்பின் எடையாகவும் இருக்கலாம். ஒரே இரண்டு கிலோ டம்பெல்லை வருடம் முழுக்க ஆட்டிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் வராது.

தீவிரத்தைச் சொல்ல ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடைதான் அவருடைய உச்ச எடை. காலால் தள்ளும் மெஷினில் ஒருவருக்கு உச்ச எடை 50 கிலோ என்றால், 80 சதவீதத் தீவிரம் என்பது 40 கிலோ. அந்த எடையில் பொதுவாக எட்டு ரெப், அதாவது எட்டு தடவை தூக்கி இறக்குவது, போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆய்வறிக்கையில் ‘அதிதீவிரம்’ என்று படித்தால் இதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரையறையை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், ‘உடற்பயிற்சி’ என்று தலைப்பில் வரும் பல ஆய்வுகளில் நடை, நீட்சி, சமநிலைப் பயிற்சி, கொஞ்சம் எடை எல்லாம் ஒரே வகுப்பில் கலந்திருக்கும். அதிலிருந்து எடையின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

சிந்தனையை எப்படி அளக்கிறார்கள்?

மூளையின் திறன் என்று ஒற்றை அளவு எதுவும் கிடையாது. இந்தத் துறையில் பெரும்பாலும் நான்கு வகையான அளவுகள் வரும்:

1. மேலாண்மைத் திறன்: கவனத்தைச் சிதறவிடாமல் பிடிப்பது, வாய்க்கு வந்ததை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது.
2. நினைவாற்றல்: புதிதாகக் கேட்டதைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வது, முகத்தையும் பெயரையும் இணைப்பது.
3. செயல்வேகம்: எளிய கேள்விக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்பது.
4. தொகுப்பு மதிப்பெண்: பல திறன்களைச் சேர்த்துப் போடும் மொத்தக் கணக்கு. ‘ஏடாஸ்-காக்’ என்ற சோதனை மறதிநோய் ஆய்வுகளில் அடிக்கடி வரும். இதில் மதிப்பெண் கூடினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

முதல் வகைக்கு மிகவும் பழக்கப்பட்ட சோதனை ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்டது. ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும். எழுத்தைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கத் தெரிந்த எவருக்கும் வாய் ‘சிவப்பு’ என்றுதான் ஓடும். அதை இழுத்துப் பிடித்து ‘நீலம்’ என்று சொல்ல ஒரு நொடியின் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். வரிசையாகப் பல சொற்களைச் சொல்லும்போது இந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். எடைப் பயிற்சிக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்தத் தாமதம் குறைந்ததைத்தான் சொல்கிறது. செய்தித் தலைப்பில் அது ‘மூளை கூர்மையாகிறது’ என்று மாறிவிடுகிறது.

முதல் சில வாரங்களில் மாறுவது நரம்புதான்

ஜிம்முக்குப் புதிதாகப் போகிறவர் முதல் மாதத்திலேயே கூடுதல் எடை தூக்கத் தொடங்குவார். கண்ணாடியில் பார்த்தால் தசை வளர்ந்திருக்காது. அந்த வலு எங்கிருந்து வந்தது? மொரிடானி, டிவ்ரீஸ் இருவரும் 1979-ல் காட்டியதுபோல், தொடக்க கால வலுவில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தினுடையது. மூளையும் தண்டுவடமும் கூடுதல் தசை இழைகளை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கக் கற்றுக்கொள்கின்றன. தசை பெருப்பது அப்புறம்தான்.

இதற்கு இரண்டு பழைய சான்றுகள் உண்டு. 1894-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரின் ஆய்வுக்கூடத்தில், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது பயிற்சியே பெறாத மறு கைக்கும் வலு கூடியது. இன்றும் ஒரு கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கும்போது மறு கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வது இந்த அடிப்படையில்தான். இரண்டாவது இன்னும் வேடிக்கையானது. 1992-ல் யூ, கோல் என்ற இரு ஆய்வாளர்கள், சுண்டுவிரலை அகற்றும் சிறு தசைக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு நிஜமாகவே தசையை இறுக்கியது. வலு 30 சதவீதம் கூடியது. இன்னொரு குழு விரலை அசைக்காமல், இறுக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தது. அவர்களுக்கும் 22 சதவீதம் கூடியது. சும்மா இருந்த குழுவில் 3.7 சதவீதம்.

ஆக, எடைப் பயிற்சி மூளையை மாற்றுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கேதான் பல கட்டுரைகள் சறுக்குகின்றன. மாறியது தசையை இயக்கும் நரம்புப் பாதை. அதனால் ஒருவர் கணக்கை வேகமாகப் போடுவார் என்றோ பெயர்களை மறக்கமாட்டார் என்றோ ஆகிவிடாது. அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

தசையிலிருந்து மூளைக்கு என்ன போகிறது?

தசையை வெறும் இழுவை இயந்திரமாகப் பார்த்த காலம் போய்விட்டது. வேலை செய்யும் தசை பல வேதிப்பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. டென்மார்க்கின் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் குழு 2003-ல் இவற்றுக்கு ‘மயோகைன்’ என்ற பொதுப்பெயரை முன்வைத்தது. மூளைக்குப் பலன் போய்ச் சேரும் வழிகளாகப் பேசப்படுபவை இவை:

1. ஐஜிஎஃப்-1. நரம்புச் செல்கள் பிழைத்திருக்கவும் வளரவும் உதவும் வளர்ச்சிக் காரணி. எடைப் பயிற்சியோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுவது இதுதான்.

எலிக்கு எப்படி எடைப் பயிற்சி கொடுப்பது என்று யாராவது யோசித்திருக்கலாம். செங்குத்தான ஏணி ஒன்றை வைத்து, எலியின் வாலில் எடையைக் கட்டி ஏறவிடுவார்கள். ஏற ஏற எடையைக் கூட்டுவார்கள். பிரேசிலின் காசில்ஹாஸ் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதி எலிகள் ஓடின, இன்னொரு பகுதி இப்படி ஏணி ஏறின. இரண்டு கூட்டமும் தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிப்பதில் சோம்பேறி எலிகளை மிஞ்சின. ஆனால் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியைச் சோதித்தபோது, ஓடிய எலிகளில் பிடிஎன்எஃப் என்ற பொருள் கூடியிருந்தது; ஏணி ஏறியவற்றில் ஐஜிஎஃப்-1 கூடியிருந்தது. போய்ச் சேரும் ஊர் ஒன்று, பாதை வேறு. நடையும் எடையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றா, துணையா என்ற விவாதத்துக்கு இந்த ஆய்வு ஒரு நல்ல குறிப்பு. எலிகளில்தான் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

2. பிடிஎன்எஃப். நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்பை வலுப்படுத்தும் புரதம். இணையத்தில் ‘மூளைக்கு உரம்’ என்று விற்கப்படும் பெயர் இது. மனிதர்களில் நல்ல சான்று நடைப் பயிற்சிக்கே உண்டு: எரிக்சன் குழுவின் 2011 ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு வருடம் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. எடைப் பயிற்சிக்குப் பிறகு ரத்தத்தில் பிடிஎன்எஃப் கூடுகிறதா என்பதில் முடிவுகள் அங்குமிங்கும் ஆடுகின்றன. ரத்தத்தில் உள்ள பிடிஎன்எஃப்பில் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் சேமிப்பில் இருப்பது என்பதால், கையில் குத்தி எடுத்த ரத்தத்தை வைத்து மூளைக்குள் என்ன நடந்தது என்று சொல்வது கடினம்.

3. சர்க்கரை நிர்வாகம். இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் இதுதான் உறுதியான பாதை. உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இன்சுலின் தூண்டுதலில் ரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்புத் தசை. தசை குறைந்து மந்தமானால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும், இன்சுலின் வேலை செய்யாமல் போகும். நீரிழிவு மறதிநோய்க்கான அபாயக் காரணிகளில் ஒன்று என்பதை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் அறிக்கைகள் பட்டியலிட்டிருக்கின்றன. எடைப் பயிற்சி இன்சுலினுக்குத் தசை காட்டும் இணக்கத்தைக் கூட்டுகிறது என்பது மனிதர்களிலேயே பலமுறை காட்டப்பட்டது. ஒரே குறை, இந்தப் பாதையில் பலன் கிடைக்க வருடங்கள் ஆகும். ஆறு மாத ஆய்வில் அது தெரியாது.

4. லாக்டேட். தசை எரிச்சலுக்குக் காரணம் என்று பழி சுமந்த பொருள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போய் எரிபொருளாகப் பயன்படுகிறது. அங்கே செல்களுக்குச் சமிக்ஞையும் கொடுக்கிறது என்று சுண்டெலி ஆய்வுகள் காட்டுகின்றன.

5. மனநிலை. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 33 சோதனைகளையும் 1,877 பேரையும் சேர்த்துப் பார்த்து, எடைப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைக்கிறது என்று முடிவுகட்டியது. மனச்சோர்வில் இருப்பவருக்குக் கவனமும் நினைவும் தடுமாறும் என்பதால், அது விலகினாலே சிந்தனை தெளிவாகும்.

தசையிலிருந்து வரும் ஐரிசின் என்ற பொருளின் பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012-ல் புரூஸ் ஸ்பீகல்மன் குழு அறிவித்தபோது பெரும் பரபரப்பு. பிறகு, அதை அளக்கப் பயன்பட்ட ஆய்வுக்கருவிகள் வேறு புரதங்களையும் சேர்த்துக் காட்டுகின்றன என்று கடும் சர்ச்சை எழுந்தது. 2015-ல் வேறொரு நுட்பத்தால் மனித ரத்தத்தில் அது இருப்பது உறுதியானது. அதை வைத்து டம்பெல்லுக்கும் நினைவாற்றலுக்கும் முடிச்சுப் போடுவது இப்போதைக்கு அவசரம்.

மனிதர்களில் நடந்த சோதனைகள்

வலுவான கால் உள்ளவர்களுக்கு மூளையும் நன்றாக இருக்கிறது என்று காட்டும் கணக்கெடுப்புகள் ஏராளம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வில் 324 இரட்டைச் சகோதரிகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்தபோது, தொடக்கத்தில் கால் வலு அதிகம் இருந்தவர்களின் அறிவுத்திறன் குறைவாகவே தேய்ந்தது. இரட்டையர் என்பதால் மரபணு, வளர்ப்பு ஆகியவற்றின் குறுக்கீடு ஓரளவு கழிகிறது. ஆனாலும் ஏற்கெனவே ஆரோக்கியமான மூளை உள்ளவர்தான் அதிகம் நடமாடி வலுவான காலோடு இருந்தாரோ என்ற கேள்வி மிச்சம் இருக்கும். அதைத் தீர்க்க, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சி கொடுக்க வேண்டும்.

அப்படி நடந்தவற்றில் இரண்டு முக்கியமானவை.

*வான்கூவர், 2010.* தெரேசா லியூ-ஆம்ப்ரோஸ் குழு, 65 முதல் 75 வயதுக்குள் இருந்த 155 பெண்களை மூன்றாகப் பிரித்தது. வாரம் ஒருமுறை எடைப் பயிற்சி, வாரம் இருமுறை எடைப் பயிற்சி, வாரம் இருமுறை சமநிலை மற்றும் லேசான உடலசைவுப் பயிற்சி. ஒரு வருடம் கழித்து ஸ்ட்ரூப் சோதனையில் எடைக் குழுக்கள் முறையே 12.6, 10.9 சதவீதம் முன்னேறின. சமநிலைக் குழு 0.5 சதவீதம் பின்தங்கியது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் வகுப்பு, ஆசிரியர், பேச்சுத்துணை எல்லாம் இருந்ததால், ‘வெளியே போய் நாலு பேரைப் பார்த்ததால் வந்த பலன்’ என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே ஆய்வில் வேறு இரண்டு முடிவுகளும் இருக்கின்றன. ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்குத் தாவும் திறனும், எண்களை மனதில் நிறுத்திவைக்கும் திறனும் மேம்படவில்லை. இன்னொன்று, எடைக் குழுக்களின் மொத்த மூளைக் கனஅளவு ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்றுக் குறைந்திருந்தது! கவனம் கூடியவர்களின் மூளை ஏன் சுருங்க வேண்டும்? இதற்குத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. பிற்பாடு, அதே பெண்களில் ஒரு பகுதியினரின் எம்ஆர்ஐ படங்களை 2015-ல் அலசியபோது, வாரம் இருமுறை பயிற்சி செய்தவர்களுக்கு மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பு இழைகள் ஓடும் பகுதியில், வரும் சிறு சேதங்கள் குறைவான வேகத்தில் வளர்ந்திருப்பது தெரிந்தது. வாரம் ஒருமுறைக் குழுவில் அந்தப் பலன் இல்லை.

*சிட்னி, 2014.* மரியா ஃபியாடரோன் சிங் தலைமையில் நடந்த இந்தச் சோதனையில், 55 வயதைத் தாண்டி, லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள 100 பேர். அதாவது மறதிநோய் இன்னும் வராதவர்கள், ஆனால் வயதுக்கு மீறிய தடுமாற்றம் தொடங்கியவர்கள். ஆறு மாதம் உச்ச எடையில் சுமார் 80 சதவீதத்தில் கண்காணிப்போடு எடைப் பயிற்சி, இன்னொரு பகுதிக்குக் கணினியில் மூளைப் பயிற்சி, சிலருக்கு இரண்டும், மிச்சம் பேருக்கு இரண்டுக்கும் போலி வடிவம், அதாவது உட்கார்ந்தபடி நீட்சியும் காணொளி பார்ப்பதும். எடைப் பயிற்சி செய்தவர்களின் தொகுப்பு மதிப்பெண் மேம்பட்டது. பதினெட்டாவது மாதத்தில் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றிருந்தது. கணினிப் பயிற்சி நினைவு சரிவதைக் கொஞ்சம் தடுத்ததோடு சரி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டிப்புப் பலன் என்ற எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை.

2016-ல் இதே குழு ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது. சிந்தனையில் வந்த முன்னேற்றம், வலுவில் வந்த முன்னேற்றத்தோடு, அதிலும் காலின் வலுவோடு, சேர்ந்து போனது. மூச்சுத்திறன் கூடியதோடு போகவில்லை. 2020-ல் வந்த எம்ஆர்ஐ அலசல், எடைப் பயிற்சிக் குழுவில் ஹிப்போகேம்பஸின் சில உட்பகுதிகள் தேயாமல் தாக்குப்பிடித்ததைக் காட்டியது. அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ் என்பதால்தான் இந்த முடிவு இவ்வளவு பேசப்படுகிறது.

பலன் தெரியாத சோதனைகள்

2022-ல் அமெரிக்காவில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு வந்தது. 65 முதல் 84 வயது வரை உள்ள 585 பேர். ஞாபகம் குறைகிறது என்று தாங்களே உணர்ந்தவர்கள், ஆனால் மறதிநோய் இல்லாதவர்கள். ஒரு குழுவுக்குத் தியானம், ஒரு குழுவுக்கு எடையும் பிறவும் கலந்த உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவுக்கு வெறும் ஆரோக்கியக் கல்வி. ஆறு மாதத்திலும் பதினெட்டு மாதத்திலும் நினைவிலோ மேலாண்மைத் திறனிலோ குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

பிரிட்டனில் 2018-ல் வெளியான சோதனை இன்னும் கசப்பானது. ஏற்கெனவே லேசான அல்லது நடுத்தர மறதிநோய் உள்ள 494 பேரில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் சைக்கிளும் எடையுமாகக் கடுமையான பயிற்சி. உடல் வலுத்தது. ஒரு வருடம் கழித்து ஏடாஸ்-காக் மதிப்பெண் பயிற்சிக் குழுவில் 25.2, மற்றதில் 23.8. கூடினால் மோசம் என்று மேலே பார்த்தோம். வேறுபாடு சிறியது, நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் அது தெரியாமலே போகலாம். ஆனால் பயிற்சி மறதிநோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

2023-ல் வந்த ஒரு மேல்நிலைத் தொகுப்பு 109 சோதனைகளை, 11,266 ஆரோக்கியமான மனிதர்களை, எல்லா வயதிலும் எல்லா வகை உடற்பயிற்சியிலும் சேர்த்துப் பார்த்தது. முதல் கணக்கில் சிறு பலன் தெரிந்தது. நல்ல முடிவுகள் மட்டும் அதிகம் அச்சேறும் போக்கையும் தொடக்கத்தில் குழுக்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வையும் சரிசெய்ததும் அந்தப் பலன் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது.

இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

1. தொடக்க நிலை. ஆரோக்கியமான மூளையில் மேம்பட இடம் குறைவு; மறதிநோய் முற்றியபின் மீட்க வாய்ப்பு குறைவு. நல்ல முடிவுகள் பெரும்பாலும் இடைப்பட்டவர்களிடமிருந்தும், முதுமையில் கால் வைத்தவர்களிடமிருந்தும் வருகின்றன. முப்பது வயதில் நன்றாக இருக்கும் ஒருவர் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கனத்தைத் தூக்கும் பயிற்சி) செய்து வேலையில் கூர்மை பெறுவார் என்று காட்டும் வலுவான நீண்டகாலச் சோதனை இல்லை. பயிற்சி முடிந்த கையோடு சிறிது நேரத்துக்குக் கவனம் லேசாகக் கூடுவது உண்டு. அது ஒரு மணி நேர விஷயம், மூளை மாறியதற்கு அடையாளம் ஆகாது.

2. கலவை. பலன் தெரியாத பெரிய சோதனைகளில் எடை ஒரு பகுதி மட்டுமே. வான்கூவரிலும் சிட்னியிலும் அதுவே முழுப் பயிற்சி. ஒன்றரை மணி நேர வகுப்பில் ஓட்டம், சமநிலை, எடை மூன்றையும் திணித்தால் எடைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்?

3. ஆள் எண்ணிக்கை. இதை மறைக்கக் கூடாது: பலன் காட்டிய சோதனைகள் 100, 155 பேர் கொண்டவை, அதையும் மூன்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். பலன் காட்டாதவை பெரியவை. சிறிய சோதனைகளில் தற்செயலான ஏற்ற இறக்கம் பலனாகத் தெரியும் அபாயம் எப்போதும் உண்டு. வான்கூவரில் பல திறன்களை அளந்ததில் ஒன்றுதான் தேறியது என்பதும் இதே காரணத்தால் உறுத்துகிறது.

4. வலு கூடியவரே சிந்தனையிலும் முன்னேறினார் என்ற சிட்னி முடிவு கவர்ச்சியானது. ஆனால் அதைத் திருப்பியும் படிக்கலாம். மூளை நல்ல நிலையில் உள்ளவர் வகுப்பைத் தவறவிடாமல், சொன்னதைப் புரிந்துகொண்டு, கூடுதலாகத் தூக்கியிருக்கலாம். குலுக்கல் முறை யார் பயிற்சிக் குழுவில் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. யார் அதிகம் வலுப்பெறுவார் என்பதை அல்ல.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், எடைப் பயிற்சியின் பலனைக் கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது, மருந்து என்று எழுதிக்கொடுக்கவும் முடியாது. அறிவாற்றல் குறைபாடு தொடங்கியவர்களில் அது உதவக்கூடும் என்பதற்கு நியாயமான சான்று இருக்கிறது. மற்றவர்களுக்கு, எலும்பு, விழாமல் நடப்பது, சர்க்கரை, மனநிலை ஆகியவற்றுக்காகச் செய்வதே போதுமான காரணம். கீழே விழுந்து தலையில் அடிபடாமல் இருப்பதும் மூளைப் பாதுகாப்புதானே.

அளவும் தீவிரமும்

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் எல்லோரும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முக்கியத் தசைக் கூட்டங்கள் அனைத்துக்கும் வலுப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. நடை போன்றவற்றுக்கான வாரம் 150 முதல் 300 நிமிடம் இதற்கு மேல். சிந்தனைக்காகத் தனி அளவு எதையும் எந்த ஆய்வும் நிறுவவில்லை. வெண்பொருள் விஷயத்தில் இரண்டு நாள் ஒரு நாளை வென்றது. ஸ்ட்ரூப்பில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

எவ்வளவு கனம் என்பதிலும் அப்படித்தான். சிட்னியில் 80 சதவீதம். ஆனால் காசில்ஹாஸ் குழு 2007-ல் 62 முதியவர்களை வைத்து 24 வாரம் நடத்திய சோதனையில், உச்ச எடையில் 50 சதவீதம் தூக்கியவர்களும் 80 சதவீதம் தூக்கியவர்களும் சிந்தனைச் சோதனைகளில் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறினார்கள். எனவே கனமாகத் தூக்காவிட்டால் பயனே இல்லை என்று சொல்வோரை நம்ப வேண்டியதில்லை. கூட்டிக்கொண்டே போவதுதான் எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவானது.

வயதாகிவிட்டது, இனி எங்கே என்ற தயக்கத்துக்கு 1990-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த பத்துப் பேர் எட்டு வாரம் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தார்கள். முடித்தவர்களுக்குச் சராசரியாக 174 சதவீதம் வலு கூடியது. சிந்தனையை அந்த ஆய்வு அளக்கவில்லை. தசை எந்த வயதிலும் பதில் சொல்லும் என்பதற்கு அது சான்று.

கடைசியாக மூச்சு. 1985-ல் மெக்டூகல் குழு, பாடிபில்டர்கள் இரண்டு காலாலும் எடையைத் தள்ளும்போது தமனிக்குள்ளேயே ரத்த அழுத்தத்தை அளந்தது. உச்சத்தில் சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. உச்ச எடைக்கு அருகில், சோர்ந்துபோகும் வரை, மூச்சை அடக்கித் தள்ளும்போது வரும் எண்கள் இவை. எடை இறங்கியதும் அழுத்தமும் இறங்கிவிடும். ஆனாலும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் உள்ளவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கனத்தில் இறங்கக் கூடாது. மற்றவர்கள் எடையை மேலே தள்ளும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுத்தால் இந்த ஏற்றம் பெருமளவு குறையும்.